அத்தியாயம் 6: கோடு வருமுன் கட்டு – இசையோடு விழும் கட்டைகள்

ஊவாவில் ஐப்பசியிலிருந்து தை வரை மழைக்காலம். பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் எல்லவின் மலைகளைப் பனிமூட்டம் மூடிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் இஸ்தோப்பை விட்டு இறங்க முடியாது. விருந்தினர் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் ஜன்னலையும் கைப்பேசியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒரு டிவியும் ஒரு கேம் மெஷினும் இருந்தால், சின்னவர் முதல் பெரியவர் வரை, என்ன மொழி பேசுபவரானாலும், சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு எது? இந்த அத்தியாயம் சொல்லும் பதில் 'லூமினஸ்'. அதன் உறவுக்கார விளையாட்டான 'டெட்ரிஸ் எஃபெக்ட்' பற்றியும் பிற்பகுதியில் வரும்.

இரண்டிலும் கதை கிடையாது, சண்டை கிடையாது, வாசிக்க வேண்டிய ஆங்கிலமும் சொற்பம். மேலிருந்து கட்டைகள் விழும், நீங்கள் அடுக்க வேண்டும். எப்போது அடுக்குவது என்பதைப் பாட்டு சொல்லும். அதனால் ஒலியைச் சரிசெய்யாமல் ஆடத் தொடங்கினால் பாதி விளையாட்டு உங்களுக்குக் கிடைக்காது. இந்த அத்தியாயம் விதிகளுக்கு முன்னால் டிவியையும் ஸ்பீக்கரையும் பற்றிப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

எங்கிருந்து வந்தது

விழும் கட்டை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் டெட்ரிஸ். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. அதற்கு இருபது வருடம் கழித்து, ஜப்பானில் தெட்சுயா மிசுகுச்சி என்ற வடிவமைப்பாளர் விழும் கட்டைகளையும் இசையையும் ஒன்றாக்க நினைத்தார். 2001இல் 'ரெஸ்' என்ற இசை விளையாட்டால் பெயர் பெற்றவர் அவர். லூமினஸ் 2004 டிசம்பர் 12இல், சோனியின் பிஎஸ்பி கைக்கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்த அதே நாளில், அதனுடன் வெளிவந்தது. பிறகு டிவியில் ஆடும் மெஷின்களுக்கும் வந்தது. 2018இல் அவருடைய குழுவே டெட்ரிஸ் எஃபெக்டையும் கொண்டுவந்தது.

எந்த மெஷினுக்கு எது

உங்களிடம் இருப்பதைப் பொறுத்துத் தெரிவுசெய்யுங்கள்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், நின்டெண்டோ ஸ்விட்ச்: 2018 ஜூனில் வந்த 'லூமினஸ் ரீமாஸ்டர்ட்'. முதல் விளையாட்டையே படத்தைத் தெளிவாக்கித் தந்திருக்கிறார்கள். சாதாரணக் கணினியிலும் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே போதும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களும் பிஎஸ்4 பதிப்பை அதில் ஆடலாம்.

பிளேஸ்டேஷன் 5, கணினி: 2025 நவம்பரில் வந்த 'லூமினஸ் அரைஸ்'. காட்சி பிரமாதம், ஆனால் திரையில் அசைவும் ஒளியும் மிக அதிகம். பழகியவர்களுக்கு உகந்தது.

பிளேஸ்டேஷன் 2: 2007இல் வந்த 'லூமினஸ் பிளஸ்'. பழைய பெட்டி டிவியும் பிஎஸ்2உம் வைத்திருப்பவர்கள் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒலி, படத் தாமதம் என்ற தொல்லையே பெட்டி டிவியில் இல்லை. ஆனால் பிஎஸ்2 டிஸ்க் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பான் டிஸ்க் ஐரோப்பிய மெஷினில் ஓடாது.

பிஎஸ்பி: டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். டிவியில் இணைத்து ஆட வேண்டுமென்றால் 3000 வகையைத் தேடுங்கள். அதற்கு முந்திய 2000 வகை, கேமைக் கொம்போனன்ட் வயர் வழியாக மட்டும்தான் டிவிக்கு அனுப்பும். பற்றரி உப்பியிருந்தால் அந்த மெஷினை வாங்காதீர்கள்.

வாங்கும்போது

பதுளையிலோ பண்டாரவளையிலோ பழைய மெஷின் வாங்கினாலும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிற உறவினர் கொண்டுவந்தாலும், முதலில் அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். '100–240 வோல்ட்' என்றிருந்தால் நமது 230 வோல்ட் கரண்டுக்குப் பயமில்லை. ஸ்விட்ச் அடாப்டர் அப்படிப்பட்டது. ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்களில் 100 வோல்ட் மட்டும் ஏற்பவை உண்டு. அவற்றை நேரே சொருகினால் புகைதான் மிச்சம்.

லூமினஸ் பெரும்பாலும் பதிவிறக்கமாகவே கிடைக்கிறது. இங்கே மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பிளேஸ்டேஷன் கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டதோ அந்த நாட்டுக் கிஃப்ட் கார்ட்தான் அதில் வேலை செய்யும். அமெரிக்கக் கணக்குக்கு இங்கிலாந்துக் கார்ட் வாங்கிப் பயனில்லை. இரண்டு, கணினியில் ஸ்டீம் கடை நமக்கு விலையை டொலரில் காட்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவு திறக்கப்பட்ட வங்கி அட்டை வேண்டும். மூன்று, வாங்கி முடித்ததும் அட்டை இலக்கத்தைக் கணக்கிலிருந்து அழித்துவிடுங்கள். பிள்ளைகள் ஆடும் மெஷினில் அட்டை இலக்கம் இருப்பது, கடைச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

காம்பராவில் ஏற்பாடு

*கரண்ட்.* மாசி முடிந்து சித்திரை வரையும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி இங்கே வழக்கம். வானம் கறுத்ததுமே, இடி தொடங்குமுன், மெஷினை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டிஷ் அன்டெனாவின் வயரையும் டிவியிலிருந்து எடுத்துவிடுங்கள். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டுக் கூரையிலிருந்து வரும் வயரை மறந்தவர்களின் டிவிதான் அதிகம் போகிறது, அதோடு இணைத்திருக்கும் மெஷினும் சேர்ந்து போகிறது. லயத்தில் ஒரே மல்டி பிளக்கில் ரைஸ் குக்கர், ஹீட்டர், டிவி எல்லாம் தொங்குவது ஆபத்து. மெஷினும் டிவியும் ஒரு பிளக்கில், சமையல் சாமான்கள் வேறு பிளக்கில் இருக்கட்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*ஈரம்.* எல்ல, அப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்க்கும். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மெஷின் மேலே துணி போர்த்துவதானால் ஆறிய பிறகு போர்த்துங்கள்.

*டிவி.* புதிய டிவிகள் படத்தை மெருகூட்டிவிட்டுத்தான் காட்டும். அதற்குள் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். படத்தெரிவுப் பட்டியலுக்குள் போய் 'கேம் மோட்' என்பதைப் போடுங்கள். அது இல்லாவிட்டால், அசைவை மென்மையாக்கும் தெரிவுகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

*ஒலி.* இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புளூடூத் ஸ்பீக்கரும் புளூடூத் இயர்ஃபோனும் ஒலியைத் தாமதமாகத் தரும். இருநூறு மில்லி செக்கன் தாமதம் சாதாரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓடும் பாட்டில் ஓர் அடி 500 மில்லி செக்கன், அரை அடி 250. லூமினஸில் பலகையைத் துடைத்துக்கொண்டு போகும் கோடு ஒன்று உண்டு (விதிகளில் வரும்). அந்த அரை அடிக்குள் அது பலகையின் ஒரு நிரலைக் கடந்துவிடும். ஆகவே புளூடூத்தில் பாட்டைக் கேட்டு ஆடுகிறவர் ஏறக்குறைய ஒரு நிரல் பிந்திக்கொண்டேயிருப்பார், ஏன் தோற்கிறோம் என்றும் தெரியாது. பாட்டுக் கேட்க புளூடூத் நல்லது, இதை ஆட வயர்தான் வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்5 கன்ட்ரோலரிலேயே இயர்ஃபோன் சொருகும் துளை இருக்கிறது. ஸ்விட்சின் மேல்விளிம்பிலும் உண்டு.

லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். விடியுமுன் எழும்பி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் தூங்குவார்கள். இரவு எட்டரைக்குப் பிறகு இயர்ஃபோன் மட்டும் என்பதை வீட்டுச் சட்டமாக வையுங்கள்.

விதிகள்

பலகை 16 நிரல் அகலம், 10 வரிசை உயரம். விழும் கட்டை எப்போதும் 2×2, நாலு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் இரண்டு நிறங்களில் ஒன்றாக இருக்கும். வெள்ளை, செம்மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். திருப்பித் திருப்பிப் பார்த்தால் மொத்தம் ஆறு வகைக் கட்டைகள்தான்: முழு வெள்ளை, முழுச் செம்மஞ்சள், மூன்று வெள்ளையும் ஒரு செம்மஞ்சளும், அதன் எதிர்மாறு, பாதிக்குப் பாதி, மூலைக்கு மூலை மாறியது.

ஒரே நிறத்தில் 2×2 சதுரம் அமைந்தால் அது ஒளிரும், ஆனால் உடனே மறையாது. இடமிருந்து வலமாக ஒரு கோடு பலகையைத் துடைத்துக்கொண்டே போகும். அது கடந்தால்தான் சதுரம் மறையும், புள்ளி சேரும். கோடு வலது ஓரத்தை அடைந்ததும் மறுபடி இடது ஓரத்தில் தொடங்கும். அது நடக்கும் வேகம் பாட்டின் வேகம்.

இன்னும் நாலு விடயங்கள்:

1. கட்டை சமமில்லாத இடத்தில் விழுந்தால் நெடுக்காகப் பிளக்கும். ஒரு பாதி மேட்டில் நிற்கும், மறு பாதி பள்ளத்துக்கு இறங்கும். டெட்ரிஸ் பழகியவர்கள் இதை மறந்து தடுமாறுவார்கள்.

2. சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தும் எண்ணப்படும். 2×3 என்றால் இரண்டு சதுரம், 3×3 என்றால் நாலு.

3. கோடு ஒரே முறை போகும்போது நாலு சதுரமோ அதற்கு மேலோ அழிந்தால் புள்ளி பெருகும். பலகையை முழுதாகக் காலியாக்கினாலும், ஒரே நிறம் மிஞ்சும்படி செய்தாலும் தனி வெகுமதி உண்டு.

4. சில கட்டைகளில் ஒரு கட்டம் மணி பதித்ததுபோல் மின்னும். அது சேர்ந்த சதுரம் அழியும்போது, அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் அதே நிறக் கட்டங்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும். பலகை நிறைந்து மூச்சு முட்டும் நேரத்துக்கு அதை வைத்திருங்கள்.

அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

எட்டு எண்ணுங்கள்

கோட்டின் நடை எட்டு அடிக்கு ஒரு சுற்று, ஓர் அடிக்கு இரண்டு நிரல். நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கைதான். தமிழ் மொழிமூலப் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை ஒரு தட்டும் மூன்று விரலும், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கும், மாசியில் காமன் கூத்துக்குத் தப்படிக்கிற அண்ணனுக்கும் இந்த எண்ணிக்கை சீக்கிரம் பிடிபடும்.

ஆடும்போது கை காலியாக இருக்காது, ஆகவே வாயால் சொல்லுங்கள்: 'த – க – தி – மி, த – க – ஜ – ணு'. ஓர் அடிக்கு ஓர் எழுத்து. முதல் 'தகதிமி' முழுதும் கோடு பலகையின் இடது பாதியில் இருக்கும். 'தகஜணு'வின் 'த' விழும்போது நடுவைக் கடந்து வலது பாதிக்குள் நுழையும்.

இதிலிருந்து இந்த அத்தியாயத்தின் முக்கியமான விதி வருகிறது:

*'தகதிமி' சொல்லும்போது வலது பாதியில் கட்டுங்கள். 'தகஜணு' சொல்லும்போது இடது பாதியில் கட்டுங்கள்.*

கோடு இடப்பக்கம் இருக்கையில் வலப்பக்கம் முடிக்கிற சதுரம் இந்தச் சுற்றிலேயே எண்ணப்படும். கோடு வலப்பக்கம் போன பிறகு இடப்பக்கம் கட்டத் தொடங்கினால், அது திரும்பி வருமுன் பெரிதாகச் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்கும். கோடு நிற்கிற இடத்திலேயே கட்டுவதுதான் வீண்வேலை. பாதிச் சதுரத்தைக் கோடு தாண்டிய பிறகு மறு பாதியை முடித்தால் அந்தச் சுற்றில் அதற்குப் புள்ளி இல்லை.

பாட்டு மாறினால் சுற்றின் நீளமும் மாறும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு சுற்று 4 செக்கன், 80 அடி என்றால் 6 செக்கன். வேகமான பாட்டுதான் கஷ்டம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். மெதுவான பாட்டில் கோடு வருவதற்குள் கட்டைகள் மலையாகக் குவிந்துவிடும், அதுவும் ஆபத்துதான். வேகப் பாட்டில் கோடு அடிக்கடி வந்து துடைத்துவிடும், ஆனால் நாலு சதுரம் சேர்க்க நேரம் தராது. ஆகவே மெதுவான பாட்டில் உயரத்தைக் கவனியுங்கள், வேகப் பாட்டில் சின்னச் சின்னதாக அழித்துக்கொண்டு போங்கள்.

ஒரு சுற்றை மெதுவாகப் பார்ப்போம்

பலகை காலி. முதல் கட்டை பாதிக்குப் பாதி. இடது நிரல் செம்மஞ்சளும் வலது நிரல் வெள்ளையுமாகத் திருப்பி, முதலாம் இரண்டாம் நிரலில் இறக்குங்கள். அடுத்ததும் பாதிக்குப் பாதி. இதை எதிர்மாறாகத் திருப்பி மூன்றாம் நான்காம் நிரலில் வையுங்கள். இப்போது நிரல் வரிசை: செம்மஞ்சள், வெள்ளை, வெள்ளை, செம்மஞ்சள். நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் ஒளிர்கிறது.

'த', 'க'. கோடு நாலு நிரலையும் கடக்கிறது, வெள்ளை மறைகிறது. ஒன்றாம், நான்காம் நிரல்களில் இரண்டு செம்மஞ்சள் தூண்கள், நடுவே இரண்டு நிரல் பள்ளம். கோடு இனி வலப்பக்கம் போய்த் திரும்பிவர ஏறக்குறைய ஆறு அடி ஆகும்.

அதற்குள் முழுச் செம்மஞ்சள் கட்டை ஒன்று வந்தால் அந்தப் பள்ளத்தில் இறக்குங்கள். நாலு நிரல், இரண்டு வரிசை, எல்லாம் செம்மஞ்சள். எண்ணினால் மூன்று சதுரம். நாலுக்கு இன்னும் ஒன்று குறைகிறது. அடுத்த கட்டையில் ஒரு பக்கம் செம்மஞ்சளாக இருந்தால், அந்தப் பக்கம் ஐந்தாம் நிரலில் வரும்படி ஒட்டி வையுங்கள். ஐந்து நிரலும் இரண்டு வரிசையும் சேர்ந்து நாலு சதுரம். கோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகத் துடைக்கிறது, புள்ளி பெருகுகிறது.

இரண்டு கட்டையில் பள்ளம், அடுத்த இரண்டில் பெருக்கம். முதல் வாரம் இந்த ஒரு கோலத்தை மட்டும் பழகுங்கள். வேண்டிய கட்டை எப்போதும் வராது. ஓரத்தில் தெரியும் அடுத்த கட்டைகளைப் பார்த்து, வரப்போவதற்கு ஏற்ப இப்போதுள்ளதை வைக்கப் பழகினால் கைவசப்படும்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

*மூலைக்கு மூலை மாறிய கட்டை எதிலும் சேர்வதில்லை.* அதைச் சமதரையில் வைக்காதீர்கள். ஒரு தூணின் விளிம்பில் பாதி மேலும் பாதி வெளியிலுமாக விடுங்கள். அது பிளந்து ஒரு பாதி கீழே இறங்கும். சேராத நிறங்கள் பிரிந்து வேறு வேறு துணை தேடிக்கொள்ளும்.

*நடுவில் மேடு எழும்பிவிடுகிறது.* கட்டை வந்த இடத்திலேயே இறக்கும் பழக்கத்தால் வருவது. கட்டை உச்சியில் கணநேரம் தயங்கி நின்ற பிறகுதான் இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தை நகர்த்தவும் திருப்பவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பொத்தானை அழுத்தித் தள்ள அவசரம் வேண்டாம்.

*இரண்டு நிறமும் கலந்து சேறாகிவிட்டது.* இரண்டையும் காப்பாற்றப் பார்க்காமல் ஒரு நிறத்தைத் தெரிந்தெடுத்து அதை மட்டும் அழியுங்கள். மற்றது தானாகவே ஒன்றுசேரும்.

*பாட்டும் படமும் மாறியதும் தடுமாற்றம்.* ஆட்டம் முன்னேற முன்னேற நிறமும் பின்னணியும் பாட்டும் சேர்ந்து மாறும். மாறியதும் முதல் சுற்றில் பெரிய வேலை எதுவும் வேண்டாம். எட்டை மறுபடி எண்ணி, புதிய வேகம் பிடிபட்ட பிறகு தொடருங்கள்.

நாலு பேர் இருக்கும் வீட்டில்

ஆள் மாற்றி ஆட 'டைம் அட்டாக்' நல்லது. 60 செக்கனில் எத்தனை சதுரம் அழித்தீர்கள் என்பதுதான் போட்டி. ஒருவருக்கு ஒரு நிமிடம், பிறகு கன்ட்ரோலர் கைமாற வேண்டும். 'நீ அரை மணித்தியாலம் வச்சிருந்தாய்' என்ற சண்டைக்கு இடமில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர் எழுதிப் புள்ளி குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இருவர் நேருக்கு நேர் மோதினால் பலகை நடுவால் பிரியும். அதிகம் அழிக்கிறவரின் பக்கம் விரியும், மற்றவருக்கு இடம் சுருங்கும். சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் இந்தப் போட்டி வைக்காதீர்கள், சின்னவர் இரண்டே நிமிடத்தில் அழுவார்.

எல்லவில் விருந்தினர் வீடு நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை நாளில் ஜெர்மன்காரர், சீனக்காரர், கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம், வீட்டுக்காரர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரவேற்பறையில் இருப்பார்கள். பொது மொழி ஒன்றும் வேண்டாத விளையாட்டு இது. ஒரு மெஷின், வயரோடு ஒரு நல்ல ஸ்பீக்கர், 60 செக்கன் போட்டி என்று வைத்தால் போதும். மெஷினுக்கென்று தனிக்கணக்கு திறந்து, அதில் வங்கி அட்டையை இணைக்காமல் வையுங்கள்.

டெட்ரிஸ் எஃபெக்ட்

வீட்டில் டெட்ரிஸ் தெரிந்தவர் இருந்தால் இதையும் பார்க்கலாம். 2018இல் பிஎஸ்4க்கு வந்தது. 'கனெக்டட்' என்ற விரிவான பதிப்பு 2020இல் எக்ஸ்பொக்ஸிலும் 2021இல் ஸ்விட்சிலும் வந்தது. பலகை 10 நிரல், 20 வரிசை, ஏழு வடிவங்கள். வரிசை நிறைந்ததும் உடனே அழியும், கோட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கட்டையைத் திருப்புவதும் இறக்குவதும் ஒலியாக மாறிப் பாட்டோடு சேரும்.

இதில் புதியது 'ஸோன்'. வரிசைகளை அழிக்க அழிக்க ஒரு அளவி நிறையும். நிறைந்ததும் அதைத் திறந்தால் கட்டைகள் தானாக விழுவது நின்றுவிடும். அந்த நேரத்தில் நிரப்பும் வரிசைகள் அடியில் சேர்ந்து கடைசியில் மொத்தமாகப் போகும். பலகை நிறைந்து தப்ப வழியில்லாதபோது திறப்பதற்கென்று அதைச் சேமித்து வையுங்கள். சின்னவர்களுக்கும் வயதானவர்களுக்கும் 'சில் மரதன்' என்ற தெரிவு உண்டு. அதில் பலகை நிரம்பினாலும் ஆட்டம் முடியாது, துடைத்துவிட்டுத் தொடரும்.

லூமினஸா, டெட்ரிஸ் எஃபெக்டா? தாளம் பழக லூமினஸ். அலுப்பு மறந்து அரை மணித்தியாலம் இருக்க டெட்ரிஸ் எஃபெக்ட்.

கண்ணும் தூக்கமும்

இந்த விளையாட்டுகளில் ஒளி மின்னும். வீட்டில் யாருக்காவது முன்பு வலிப்பு வந்திருந்தால் வைத்தியரைக் கேட்காமல் ஆடவிட வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் டிவி கார்ட்டூன் ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மின்னியதில் 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். டிவியின் வெளிச்சத்தைக் குறையுங்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவானாலும் பின்சுவரோடு சாய்ந்து உட்காருங்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் பலன் தராது, காயம்தான் ஏற்படும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990க்கு அழையுங்கள். அந்த சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை.

படுத்த பிறகும் கண்ணுக்குள் கட்டை விழுகிறது என்று பிள்ளை சொன்னால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத நோயாளிகளுக்கும் டெட்ரிஸ் ஆடிய பிறகு தூக்கம் வரும் நேரத்தில் கட்டைகள் தெரிந்தன. மூளை பாடம் படிக்கிற விதம் அது. ஆனால் அது, படுக்கப் போகுமுன் ஆடியதற்கு அடையாளமும்கூட. படுக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே மெஷினை நிறுத்துங்கள். புலமைப்பரிசில் வருடத்திலும் சாதாரண தர வருடத்திலும் சனி, ஞாயிறு மட்டும் என்று வைப்பது நல்லது.

முடிவாக

ஒரே ஒரு கேம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் 'லூமினஸ் ரீமாஸ்டர்ட்' வாங்குங்கள். புதிய மெஷின் தேவையில்லை, வேகமான இணையமும் ஒரு தடவை பதிவிறக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால், இன்றைக்கே, டிவியில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வயரோடு கூடிய இயர்ஃபோன் ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். முதல் நாள் புள்ளியைப் பார்க்காமல் எட்டு எண்ணிக்கையை மட்டும் விடாமல் சொல்லுங்கள். அது வாய்க்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.